ஆணிக்காரர் குடும்பத்துக் குழாயும் எங்க தாத்தாவின் ராலே சைக்கிளும்

1841ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜான் ரெனால்ட்ஸ் என்பவர் ஒரு தொழில் தொடங்குகிறார்.

ஆணி செய்யும் தொழில். சுவரில் அடிப்போமே, அதே ஆணிதான் நண்பர்களே.

அந்த ஆணிக்காரர் குடும்பம் 1897ல் வாங்கிய ஒரு காப்புரிமைதான், அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு ரேஸ் சைக்கிள்களின் எலும்புக்கூடு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம், எங்க தாத்தாவின் சைக்கிளுக்கு நான் செய்த ஒரு தப்பு. அது ஏன் தப்பு என்று புரிய, முதலில் இரும்பின் கதை தெரிய வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

அன்றைய சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. எடையைக் குறைக்க மெல்லிய குழாய் போட்டால், குழாயும் குழாயும் சேரும் இடத்தில் உடைந்தது. ஒட்டுப் போடும்போது சூடு படுவது அங்கேதான். ஓட்டும்போது அதிகச் சுமை விழுவதும் அங்கேதான். உடையக் கூடாதென்று தடித்த குழாய் போட்டால் சைக்கிள் மாட்டு வண்டி கனம் கனத்தது.

ஆல்பிரட் மில்வர்ட் ரெனால்ட்ஸ் சொன்ன தீர்வு ரொம்ப எளிமை. குழாயின் இரண்டு முனைகளிலும் சுவர் தடிமனாக இருக்கட்டும், நடுவில் மெல்லிசாக இருக்கட்டும். வெளியே பார்த்தால் குழாய் ஒரே அளவு. வித்தியாசம் முழுக்க உள்ளே. இதற்குப் பெயர் 'பட்டட்' குழாய்.

(எலும்பு படித்தவனுக்கு இதில் ஒரு வேடிக்கை. நம் தொடை எலும்பில் கதை நேர் எதிர். நடுத்தண்டில்தான் கெட்டிச் சுவர் தடிமன். முனைகளில் சுவர் மெல்லிசு, ஆனால் எலும்பே அகலமாக விரிந்திருக்கும். முனையை விரித்துக்கொள்ள எலும்பால் முடியும், சைக்கிள் குழாயால் முடியாது.)

1935ல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ஒரு எஃகில் குழாய் செய்து வெளியிட்டது. பெயர் ரெனால்ட்ஸ் 531. கலவையில் சேர்ந்த முக்கியத் தனிமங்களின் விகிதம் 5:3:1 என்பதால் அந்தப் பெயர். டூர் டி பிரான்ஸ் ஜெயித்த எத்தனையோ சைக்கிள்கள் இந்தக் குழாயில் செய்தவை. ஜாகுவார் இ-டைப் காரின் முன்பக்கச் சட்டத்திலும் இதே குழாய்தான்.

இந்தக் குழாய்களை 'லக்' எனும் உறைகளுக்குள் செருகி, பித்தளையை உருக்கி ஊற்றி இணைப்பார்கள். பித்தளை உருகும் சூட்டில் எஃகு உருகாது. அதனால் ஒரு குழாய் நசுங்கினால் லக்கைத் திரும்பச் சூடாக்கி அந்தக் குழாயை மட்டும் உருவிவிட்டு வேறொன்று வைக்கலாம். எழுபது வயசான சைக்கிள்கள் இன்னும் ரோட்டில் ஓட இதுவும் ஒரு காரணம்.

நம்ம ஊருக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

ரெனால்ட்ஸ் நிறுவனம் 1928ல் 'டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்' குழுமத்துக்குள் போனது. அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்தான் 1949ல் முருகப்பா குழுமத்துடன் சேர்ந்து நம்ம அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1960ல் ராலேவும் அதே குழுமத்துக்குள் வந்தது. உங்க தாத்தாவின் ஹெர்குலிஸில் 531 குழாய் கிடையாது, சாதா எஃகுதான். ஆனால் தாய்வீடு ஒன்று.

சரி. பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று கையில் கிடைக்கிறது. அது என்ன, எந்த ஊர், எந்த வருஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்டிக்கரை நம்பாதீங்க. 531 ஸ்டிக்கர் இன்று ஆன்லைனில் தனியாகவே விற்கிறது. நோயாளி "எனக்கு சுகர் இல்ல டாக்டர்" என்று சொல்வதை எவ்வளவு நம்புவோமோ, அவ்வளவு நம்பினால் போதும்.

சீட் கம்பியை வெளியே எடுத்து வெர்னியர் வைத்து அளங்க. 27.2 மி.மீ. வந்தால் நல்ல சேதி. சீட் குழாயின் வெளி விட்டம் பெரும்பாலும் 28.6 மி.மீ. அதற்குள் 27.2 கம்பி இறங்குகிறது என்றால் சுவர் சுமார் 0.6 மி.மீ.தான். அவ்வளவு மெல்லிய சுவரில் மட்டமான எஃகு தாங்காது. 25.4 வந்தால் சுவர் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. அது தண்ணீர்க் குழாய் ரகம், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் சரி. (பிரெஞ்சு சைக்கிள்கள் விதிவிலக்கு. அவர்கள் குழாய் 28 மி.மீ. என்பதால் நல்ல ஃபிரேமிலும் கம்பி அளவு குறைவாகவே வரும்.)

அடுத்து, பெடல் அச்சு ஓடும் அடிப்பெட்டி. பிறந்த நாடு எழுதியிருப்பது இங்கேதான். பெட்டி அகலம் 68 மி.மீ., செயின் பக்கத்துக் கப்பில் இடப்புரி மரை என்றால் பெரும்பாலும் ஆங்கிலேயன். 70 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் வலப்புரி என்றால் இத்தாலியன். 68 மி.மீ., இரண்டு பக்கமும் வலப்புரி என்றால் பிரெஞ்சு. இது தெரியாமல் ஸ்பானர் போட்டு எதிர்ப்பக்கம் முறுக்கி மரையை நாசமாக்கிய ஃபிரேம்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

வருஷம்?

இதற்கு இத்தாலிக்குப் போக வேண்டும். 1927 நவம்பர். குரோசே தா'வுனே மலைப்பாதை. பனியில் ரேஸ் ஓட்டுகிறார் டுல்லியோ கம்பனோலோ. அந்தக் காலத்தில் கியர் மாற்ற வேண்டும் என்றால் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்ட வேண்டும். விரல் விறைத்துப் போய் அவரால் நட்டைத் திருக முடியவில்லை. கம்பனோலோ நிறுவனம் காலகாலமாகச் சொல்லும் கதை இது. நாளும் வருஷமும் பற்றி ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் ஒரே நெம்புகோலில் சக்கரத்தைக் கழற்றும் 'குயிக் ரிலீஸ்' அவருடையது என்பதும், 1933ல் விசென்சா நகரில் பட்டறை வைத்தார் என்பதும் உறுதி. டூர் டி பிரான்ஸோ 1937 வரை கியர் மாற்றியையே போட்டியாளர்களுக்கு அனுமதிக்கவில்லை!

அந்த கம்பனோலோ செய்த நல்ல காரியம், பாகங்களில் வருஷத்தைப் பொறித்தது. 1967ல் வந்த நுவோவோ ரெக்கார்டு பின் கியர் மாற்றிகளில், 70களில் செய்தவற்றில், 'பேட்.' என்ற எழுத்துடன் இரண்டு இலக்கம் இருக்கும். 74 என்றால் 1974. ஜப்பானின் ஷிமானோ 1976 முதல் இரண்டு எழுத்து போட்டது. முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976. 'சி எஃப்' என்றால் 1978 ஜூன்.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பிலோ, வெளிக்கூட்டின் மேலேயே வருஷமும் மாதமும் குத்தியிருக்கும்.

இந்த ஹப்பை ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வருவேன்.

கண்டுபிடித்தாச்சு. இனி சரி செய்வது. இங்கே டாக்டராகச் சிலது சொல்லியே ஆகணும்.

பழைய சைக்கிளில் அலுமினிய சீட் கம்பி இரும்புக் குழாய்க்குள் இறுகிப் போயிருக்கும். முதலில் எண்ணெய் விட்டு நாள் கணக்கில் பொறுமையாக விடுங்க. யூடியூபில் காஸ்டிக் சோடா ஊற்றச் சொல்வார்கள். உண்மைதான், அது அலுமினியத்தைக் கரைக்கும், இரும்பை விட்டுவிடும். ஆனால் கண்ணில் தெறித்தால்? ஆசிட் மேலேயே திசுவைக் கட்டியாக்கி அங்கே பெரும்பாலும் நின்றுவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். பார்வை போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சீட் கம்பிக்கு அது தேவையா? மீறித் தெறித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே குழாயடியில் அரை மணி நேரம் கண்ணைக் கழுவுங்க.

துருவுக்கு ஆக்சாலிக் ஆசிட் கரைசல் நல்ல வேலை செய்யும். பெயிண்டைப் பெரும்பாலும் தொடாமல் துருவை மட்டும் எடுக்கும். ஆனால் அந்தத் தூள் பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். உள்ளே போனால் ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகத்தில் படிகமாக இறங்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மேல் தட்டில், பெயர் எழுதி வையுங்க. கையுறை கட்டாயம்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்க. தூளை மூச்சில் இழுக்காதீங்க.

பால்ரஸ், கிரீஸ், கேபிள், பிரேக் கட்டை, டயர் எல்லாம் யோசிக்காமல் மாற்றலாம். ஓவராயில் என்பதே அதுதான்.

பெயிண்டை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீங்க.

ஏன் தெரியுமா? ஹேண்டில் பாருக்குக் கீழே குழாய் சேரும் இடத்தின் அடிப்பக்கம் விரலை வைத்துத் தடவுங்க. முன்பக்கம் மோதிய சைக்கிளில் லக்குக்குச் சற்றுப் பின்னால் லேசான மடிப்பு தட்டும், பெயிண்ட் சுருங்கியிருக்கும். குழந்தைகள் கையூன்றி விழும்போது மணிக்கட்டு எலும்பு உடையாமல் புடைத்துக்கொள்ளுமே, எக்ஸ்ரேயில் பலர் தவறவிடும் அந்த 'பக்கிள்' முறிவு, அதே சமாச்சாரம். அந்தக் குழாயை நம்பி இறக்கத்தில் போகக் கூடாது. மேலே தடிமனாக பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் இந்தச் சுருக்கமும் மறையும், சீரியல் நம்பரும் மறையும்.

1997ல் இத்தாலியின் கையோலே இன் கியாந்தி ஊரில் ஜான்கார்லோ புரோச்சி 92 பேரை வைத்து 'எரோய்கா' என்ற பழைய சைக்கிள் ஓட்டம் ஒன்றைத் தொடங்கினார். மண் சாலைகளைத் தார் போட்டு அழிக்கக் கூடாது என்பதும் அதன் நோக்கம். 1987க்கு முந்தைய ரேஸ் சைக்கிள் வேண்டும், கியர் நெம்புகோல் ஃபிரேம் குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில் பாருக்கு வெளியே ஓட வேண்டும். அங்கே சிராய்த்த பழைய பெயிண்டோடு வரும் சைக்கிளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும்.

இதெல்லாம் எனக்கு 2013ல் தெரியாது.

ஹவுஸ் சர்ஜனாக முதல் ஸ்டைபண்ட் வாங்கியிருந்தேன். வீட்டுத் திண்ணையில் தாத்தாவின் ராலே நின்றது. நாட்டிங்காமில் செய்து கப்பலில் வந்தது, பின்னால் மூன்று கியர் ஹப். தாத்தா போய் இரண்டு வருஷம். அப்பாவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்கலாம் என்று ஒரு பட்டறையில் விட்டு "புதுசு மாதிரி ஆக்குங்க" என்றேன்.

புதுசு மாதிரிதான் வந்தது. மணல் அடித்து, மெரூன் கலரில் பவுடர் கோட்டிங். முன்னால் இருந்த ராலே பேட்ஜை நானே கழற்றச் சொன்னேன், திரும்ப ஒட்டவில்லை. "சார், இந்த ஹப்புக்கு உள்சாமான் கிடைக்காது, சிங்கிள் ஸ்பீடு போட்டுடவா?" என்றார்கள். போடுங்க என்றேன். பழைய ஹப் இரும்போடு இரும்பாகக் காயலான் கடைக்குப் போனது.

அப்பா சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாருக்குப்பா" என்றார். அப்புறம் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எங்க வீட்டில் ஒரு பழைய வழக்கு உண்டு. அப்பா பிறந்தது 1956. பிரசவ வலி வந்தபோது அப்பத்தாவை அந்த ராலே கேரியரில் உட்கார வைத்து எட்டு மைல் மிதித்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகத் தாத்தா சாகும் வரை சொன்னார். அப்பத்தா சிரிப்பார். "அது இரவல் சைக்கிளுப்பா. ராலே வாங்கினது உங்க அத்தை பொறந்த பெறகு."

இரண்டு பேரும் இப்போது இல்லை.

ஹப்பில் 58, 59 என்று இருந்திருந்தால் தாத்தா சொன்னது கதை. 54, 55 என்று இருந்திருந்தால், அவர் சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்பாவது உண்டு. அதைப் படித்துப் பார்க்க ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும்.

அப்பா இன்னமும் தாத்தா பக்கம்தான். அத்தை அப்பத்தா பக்கம். பொங்கலுக்குக் கூடினால் இந்தப் பேச்சு வரும், நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன்.

உங்க வீட்டுத் திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ அப்படி ஒன்று நின்றால், பெயிண்டருக்கு போன் போடும் முன் பின் ஹப்பைத் துடைத்து ஒரு போட்டோ எடுங்க. எழுத்து மங்கலாக இருந்தால் எனக்கு அனுப்புங்க. டியூட்டி முடிந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.