வெள்ளவத்தையில் வாங்கும் ஐஸ் இயந்திரம் ஊருக்குப் போனால்

போரில் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையில் வாழ்ந்த என் உறவினர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் கூல்பார் திறக்க, மேசைக்கடியில் வைக்கும் ஐஸ் இயந்திரமொன்றை இங்கிருந்து கொண்டுபோனார். சில மாதங்களிலேயே ஐஸ் விழுவது குறைந்தது. பழுது இயந்திரத்தில் இல்லை, தண்ணீரில்.

கொழும்புக் குழாய்நீரில் பெரும்பகுதி களனி கங்கையினுடையது. அதில் சுண்ணாம்பு குறைவு. யாழ்ப்பாணக் கிணறுகளோ சுண்ணக்கல் நிலத்தில் உள்ளவை. அந்தச் சுண்ணாம்பு ஐஸ் உறையும் தட்டில் படிந்து குளிரைத் தடுக்கும்.

ஆகவே வடிகட்டியுடன் நீர் மென்மையாக்கியும் பூட்டுங்கள். வடிகுழாய் கீழ்நோக்கிச் சரிந்திருக்கட்டும். காற்றுத் துவாரத்தை மறைக்க வேண்டாம். லொறியில் வந்த இயந்திரத்தை நிமிர்த்தி வைத்து, ஒருநாள் விட்டே மின்சாரம் கொடுங்கள். முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள். சுண்ணாம்பு படியத் தொடங்கினால், தயாரிப்பாளர் சொல்லும் கரைசலால் கழுவுங்கள்.

உறைவதால் கிருமி சாகாது. கிணற்றுநீரைக் குளோரின் இட்டுச் சுத்திகரித்த பின்னரே இயந்திரத்துக்கு விடுங்கள்.