ஏ.கே. செட்டியார் தேடிய படச்சுருள்கள்

செட்டிநாட்டு மக்கள் கடல் கடந்து சென்றதற்கு வாணிகமே காரணமாக இருந்தது. பர்மா, மலேயா, இலங்கை எனப் பரந்த நாடுகளில் வாணிகம் செய்த அவர்கள் தேக்கும் கண்ணாடியும் பளிங்கும் கொண்டு வந்து சேர்த்தனர். அந்த மண்ணில் பிறந்த ஒருவர் நான்கு கண்டங்களில் அலைந்து படச்சுருள்களை மட்டும் தேடிக் கொண்டுவந்தார் என்பது தமிழக வரலாற்றில் தனித்து நிற்கும் செய்தியாகும். அவர் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் 1911-இல் பிறந்த அ. கருப்பன் செட்டியார். ஏ.கே. செட்டியார் என்ற பெயரே வாசகர் உலகில் நிலைத்தது.

பயண இலக்கியத்தின் முன்னோடியாக அவரை அறிந்தோர் பலர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற நூற்பெயர் அவருக்கே உரிய அடைமொழியாக மாறிவிட்டது. ஆனால் அவர் முறையாகப் பயின்ற தொழில் புகைப்படக் கலை என்பதை நினைவில் கொள்வோர் குறைவு. இளமையில் இரங்கூனில் நகரத்தார் இதழான ‘தனவணிகன்’ ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர் டோக்கியோவிலும் அதன்பின் நியூயார்க்கிலும் அக்கலையைக் கற்றார். எழுத்தும் ஒளிப்படமும் அவரிடம் ஒன்றையொன்று வளர்த்தன. சிறிய வாக்கியங்கள், தன்னை முன்னிறுத்தாத பார்வை, கண்டதை மட்டும் சொல்லும் ஒழுக்கம் ஆகிய அவருடைய உரைநடைப் பண்புகள் யாவும் நல்ல ஒளிப்படக்காரனுக்கும் உரியவையே.

1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற ‘சமாரியா’ என்னும் கப்பலில் அவர் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அண்ணலின் வாழ்க்கையை ஆவணப் படமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கடற்பயணத்தில்தான் தோன்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு கூட நிறையவில்லை. கதைப்படங்களுக்கே முதல் திரட்டுவது அரிதாக இருந்த காலத்தில், செய்திப்படச் சுருள்களைக் கொண்டு ஒரு முழுநீளப் படம் ஆக்குவது துணிச்சலான முயற்சி.

இம்முயற்சியின் தனித்தன்மையை இங்கே நோக்க வேண்டும். காந்தியடிகள் ஒளிப்படக் கருவியின் முன் உட்கார்ந்து கொடுப்பவர் அல்லர். ஆசிரமத்தில் அவரைப் படம் பிடித்த கனு காந்திக்கே, செயற்கை வெளிச்சம் கூடாது, நிற்கச் சொல்லவோ உட்காரச் சொல்லவோ கூடாது, ஆசிரமப் பணத்தைச் செலவிடக் கூடாது என்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தன. ஆகவே புதிதாகப் படம் பிடிப்பதால் மட்டும் ஒரு வாழ்க்கை வரலாறு கிடைத்துவிடாது. தண்டி யாத்திரையும் இலண்டன் வட்டமேசை மாநாடும் முடிந்துபோன நிகழ்ச்சிகள். அவை நடந்தபோது யார் யாரோ பிடித்த துண்டுகள் எந்தெந்த நாட்டுக் கிடங்குகளிலோ, யாருடைய வீட்டுத் தகர டப்பாக்களிலோ கிடந்தன. செட்டியார் செய்த பணி அவற்றை இருக்குமிடம் தேடிச் சென்று, கேட்டுப் பெற்று, ஓரிடத்தில் சேர்த்தது.

இதற்காக மூன்றாண்டுகளில் அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ ஒரு லட்சம் மைல். முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறக்குறைய நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்தவை என்று மதிப்பிடப்பட்ட சுருள்களிலிருந்து 50,000 அடி திரட்டப்பட்டது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் உண்டு. பேசும்படம் வினாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும். ஆகவே 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். அதிலிருந்து தேர்ந்தெடுத்துச் செப்பனிட்ட படம் 12,000 அடி, அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கில் மூன்று பங்குக்கும் மேலானதை விலக்கிய பிறகே படம் உருப்பெற்றது. எழுதியதைவிட அடித்ததே மிகுதி என்பது கவிஞர்களுக்குப் புதிய செய்தியன்று.

பல நாடுகளின் சுருள்களை ஒன்றாக இணைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல்களும் உண்டு. மௌனப்பட காலத்துச் சுருள்கள் வினாடிக்கு 16 அல்லது 18 சட்டங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பேசும்படக் கருவியில் அப்படியே ஓட்டினால் மாந்தர் பொம்மைகள்போல் விரைந்து நடப்பர். இதைத் தவிர்க்க, ஒன்றுவிட்டு ஒரு சட்டத்தை இருமுறை அச்சிட்டு நீட்டும் முறை கையாளப்படும். மேலும், கிடைத்தது பிறர் கையிலிருந்த பிரதியாயின் அதிலிருந்து நகல் நெகடிவ் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நகலிலும் நுண்ணிய சாயல்கள் சிறிது சிறிதாக மங்கும். இழப்பின்றி மீட்பு இல்லை என்பதே இத்தொழிலின் விதி.

படம் 1940-இல் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. அதனைத் தெலுங்கு வடிவமும், 1947-இல் இந்தி வடிவமும் தொடர்ந்தன. 1953-இல் அமெரிக்காவில், ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் உருவாயிற்று. ஆனால் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகள் போர்க்காலம். அரசு காந்தியடிகளின் பெயரையே ஐயத்துடன் நோக்கிய காலம். தமிழில் முதன்முதலாக அண்ணலின் வாழ்வைக் காட்டிய அப்படம் பொதுமக்கள் பார்வையிலிருந்து மெல்ல மறைந்தது. உலகமெங்கும் சிதறிக் கிடந்தவற்றை ஒன்று சேர்த்தவரின் படமே பின்னர்த் தேடப்பட வேண்டியதாயிற்று.

இந்த மறைவில் படச்சுருளின் இயல்புக்கும் பங்குண்டு. அக்காலச் சுருள்கள் நைட்ரேட் அடிப்படையில் ஆனவை. எளிதில் தீப்பற்றும், பற்றினால் எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தாமே வெளியிடுவதால் தண்ணீருக்கடியிலும் எரியும். தீக்குத் தப்பினாலும் வெப்பமும் ஈரமும் அவற்றைப் பிசினாக்கி, இறுதியில் பழுப்புத் தூளாக்கிவிடும். கோடக் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் அவ்வகைச் சுருளைத் தயாரிப்பதை நிறுத்தியது. அதன் இடத்தைப் பிடித்த அசிட்டேட் சுருளும் நீண்ட காலம் வெப்பத்தில் இருந்தால் புளிக்காடி நெடி வீசிச் சுருங்கும். ஓலைச்சுவடிக்குச் செல் எப்படியோ, படச்சுருளுக்குத் தமிழகத்துக் கோடை அப்படி.

செட்டியார் 1983-இல் மறைந்தார். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி அப்படத்தைத் தேடினார். சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று கண்டறியப்பட்டது. தாய்மொழியில் பிறந்த படைப்பு அயல்மொழி உருவில், அயல்நாட்டில், சுருங்கிய வடிவில் பிழைத்திருந்தது. இங்கே ஓர் உண்மை விளங்குகிறது. பல இடங்களில் பல பிரதிகள் இருந்ததே அப்படத்தைக் காத்தது. ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்படும் ஒரே பிரதி எத்துணை உறுதியான பெட்டகத்தில் இருந்தாலும் காக்கப்பட்டதாகாது.

இன்னோர் உண்மையும் உண்டு. தேட வேண்டிய ஒன்று இருந்தது என்பதைப் பின்வந்தோர்க்கு உணர்த்தியது எழுத்தே. 1943-இல் தாம் தொடங்கிய ‘குமரிமலர்’ இதழில் செட்டியார் இப்படத்தின் கதையை எழுதினார். அது 2003-இல் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாயிற்று. எங்கே சென்றார், யாரைக் கண்டார் என்பனவற்றை அவர் குறித்து வைக்காதிருந்தால், அமெரிக்கக் கிடங்கில் கிடந்த பிரதி பெயர் தெரியாத பழைய படங்களுள் ஒன்றாகவே கிடந்திருக்கும். அந்த இதழிலேயே அவர் பாரதியின் அறியப்படாத எழுத்துகளையும், மறந்துபோன பழைய கட்டுரைகளையும் தேடித் தேடி மறுபதிப்புச் செய்தார். படச்சுருளைத் தேடிய கண்ணும் பழைய இதழ்களைத் தேடிய கண்ணும் ஒன்றே.

அதே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின், அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது தமிழ் மண்ணை விட்டு நீங்காமல் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. அங்கே அவை நுண்படமாக எடுக்கப்பட்டன. காகிதத்தைக் காக்கப் படச்சுருள் உதவியது. ஓர் ஊர் ஈன்ற இரு சேகரிப்பாளர்களின் கதைகள் இப்படி ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

இவ்விரு பெரியோரின் மண்ணிலேயே இன்று வேறொரு காட்சியையும் காணலாம். செட்டிநாட்டு வளவுகளில் தூண்களுக்கு மேலே வரிசையாக மாட்டப்பட்டிருந்த முன்னோர் படங்கள், வீடுகள் பிரிக்கப்படும்போது காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேருகின்றன. தேக்குச் சட்டத்துக்கு விலை உண்டு. உள்ளிருக்கும் முகத்துக்குப் பெயர் இல்லை. தமிழக ஸ்டூடியோக்களின் பழைய கண்ணாடி நெகடிவ்களையும் படங்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடி எண்மப் பதிவாக்கியிருப்பது போற்றத்தக்கது. எனினும் ஒரு நிறுவனம் எத்தனை வீடுகளின் கதவைத் தட்ட இயலும்?

படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுவது. நெகடிவையும் பிரதியையும் வெவ்வேறு இடங்களில் வைப்பது. எண்ம நகல்களை ஒருவரிடம் மட்டும் விடாமல் இருவர் மூவரிடம் ஒப்படைப்பது. யாரிடம் எது உள்ளது என்று ஒரு குறிப்பேட்டில் பதிவது: இவ்வளவே செய்ய வேண்டியவை. இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கவியரங்குகளையும் நூல் வெளியீடுகளையும் ஆண்டுதோறும் படம் பிடிக்கும் இலக்கிய வட்டங்களுக்கும் இது பொருந்தும். பத்தாண்டில் அடையாளம் தெரிந்த முகங்கள் முப்பதாண்டில் தெரியாமற் போகும். வாணிகத்தில் காலந்தவறாமல் ஐந்தொகை எடுத்த மரபினர் வாழ்ந்த மண் இது. படங்களுக்கும் அத்தகைய கணக்கு ஒன்று எழுதப்படுமாயின், ஒரு லட்சம் மைல் அலைந்த கோட்டையூராரின் உழைப்புக்கு அதுவே தக்க கைம்மாறாகும்.