மரவாழையும் பொதிகை மலையும்
திருவனந்தபுரத்து ஆர்க்கிட் வரலாறு: ஒரு சிறு ஆய்வு

சாலைக் கடைத்தெருவில் பாத்திர வியாபாரம் பார்க்கிற எனக்கும் ஆர்க்கிட் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று சங்க அன்பர்கள் கேட்பதுண்டு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் இவ்வூர் வந்தவன் நான். கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை சாத்திய பிறகு நூலகத்தில் படித்ததும், மொட்டை மாடியில் செடி வளர்த்துப் பார்த்ததும்தான் என் கல்வி. அந்த அளவில் அறிந்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

பெயரின் பழமை

ஆர்க்கிட் என்ற சொல்தான் நமக்குப் புதுசு, செடி புதுசல்ல. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் மூன்று கொங்கணிப் பிராமணர்களையும் துணைகொண்டு 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. கடைசித் தொகுதி வெளிவரும்போது வான் ரீடு உயிரோடு இல்லை.

அந்தப் பன்னிரண்டாம் தொகுதியில்தான் நம் மரவாழைகள் இருக்கின்றன. ஆஞ்சிலி மரத்தில் வளர்வது ஆஞ்சிலி மரவாழை. காஞ்சிர மரத்தில், அதாவது எட்டி மரத்தில் வளர்வது காஞ்சிர மரவாழை. எந்த மரத்தில் குடியிருக்கிறதோ அந்த மரத்தின் பெயரையே செடிக்கு வைத்திருக்கிறார்கள் அக்கால வைத்தியர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் செடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டியபோது, இவ்விரண்டுக்கும் அந்நூலின் படங்களையே ஆதாரமாகக் கொண்டார். இந்நூலை ஆங்கிலமாக்கியவர் மறைந்த பேராசிரியர் கே. எஸ். மணிலால். 2003-இல் அதை வெளியிட்டது நம்மூர்க் கேரளப் பல்கலைக்கழகம் என்பது நமக்குப் பெருமை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். மரத்தின் மேல் வளர்வதால் இதைப் புல்லுருவி என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். மரவாழையோ பட்டையைப் பற்றிக்கொண்டு மழையையும் காற்றின் ஈரத்தையும் கொண்டு பிழைக்கும். தன் உணவைத் தானே தயாரிக்கும். இடம் கொடுத்த மரத்துக்குப் பாரமில்லாமல் வாழ்வது எப்படி என்று, பிழைக்க வந்த நமக்கு அது சொல்லாமல் சொல்கிறது.

பொதிகையின் பொற்பூ

இனி மலைக்குப் போவோம். நமக்குப் பொதிகை, இங்குள்ளவர்களுக்கு அகஸ்தியகூடம். 1868 மீட்டர் உயரமுள்ள அந்த மலையைச் சார்ந்த பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஆர்க்கிட் ஒன்று உண்டு. பூவின் ஒரு இதழ் சிறு செருப்பைப் போலக் குவிந்திருக்கும். பொன்மஞ்சள் நிறம், நடுவே கரும்பழுப்புக் கோடு. ஒரு தண்டுக்கு ஒரே பூ. இது மரத்தில் வளர்வதன்று, தரையில் வளர்வது. 1865-இல் கர்னல் ஹீபர் ட்ரூரி இதைக் கண்டெடுத்தார். சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் 1874-இல் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். இன்றைய பெயர் பாபியோபெடிலம் ட்ரூரியை.

பெயர் பரவியதும் ஐரோப்பியச் சீமான்களுக்கு ஆசை வந்தது. மலையிலிருந்து செடிகள் கப்பலேறின. பின்பு நெடுங்காலம் இது கண்ணில் படவில்லை. 1970-களில் மறுபடி கண்டறியப்பட்டது. மறுபடியும் சாக்கு சாக்காகப் பிடுங்கினார்கள்.

இதில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். 1980-களின் தொடக்கத்தில் ஒருவர் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஐந்து செடிகளை வாங்கினேன். மலைக்குளிரில் வளர்வது கடற்கரை ஊரின் புழுக்கத்தைத் தாங்குமா என்று யோசிக்கவில்லை. அடுத்த கோடைக்குள் ஐந்தும் அழுகிப்போயின. ஓரறிவு உயிருக்கும் ஊறு செய்யலாகாது என்று கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. கிழங்கைக்கூடப் பிடுங்கித் தின்னாத என் தாயார் அந்தத் தொட்டியைப் பார்த்து, "இதுவும் உசிருதானேப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

1991-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது இவ்வினம் காக்கப்படும் தாவரங்களில் சேர்ந்தது. இன்று காட்டிலிருந்து எடுப்பது குற்றம்.

குப்பியில் முளைத்த விதை

ஆர்க்கிட் விதை தூசு மாதிரி இருக்கும். நெல்லுக்கும் பயறுக்கும் உள்ளதுபோல் அதற்குள் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ உள்ள ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899-இல் கண்டவர் பிரான்சின் நோயல் பெர்னார்ட். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த கூழில், கிருமி நீக்கிய குப்பியில் முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்காவின் நட்சன் காட்டினார். இன்று நாம் நர்சரியில் வாங்கும் டென்ட்ரோபியம் எல்லாம் இந்தக் குப்பி வழி வந்தவைதான்.

1979-இல் தொடங்கிய பாலோடு தாவரவியல் பூங்கா நிறுவனத்தார் இதே குப்பி முறையைப் பொதிகைப் பூவுக்கும் கையாண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த கன்றுகளைத் திரும்ப மலையில் நட்டார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதுதானே கடன் அடைப்பது!

மாடியில் வளர்ப்போருக்கு

என் மாடியில் இப்போது ஆஞ்சிலி மரவாழையும் டென்ட்ரோபியமும் உள்ளன. இரண்டும் நர்சரிக் கன்றுகள். மண் வேண்டாம். தேங்காய் மட்டை, அடுப்புக்கரி, ஓட்டுத் துண்டு போதும். காலையில் தண்ணீர், பாதி நிழல், நல்ல காற்று. வேரில் நீர் தேங்கினால் செடி போச்சு. ஆஞ்சிலி மரவாழை முதல் பூ விட ஐந்து வருஷம் காத்திருந்தேன். இடவப்பாதி மழைக்கு முன்னால் ஒரு வைகாசியில் நரிவால் போல ஒரு சரம் தொங்கிற்று. வெள்ளையில் ஊதாப் புள்ளி. அசாமில் இது மாநிலப் பூ.

அதைப் பார்க்க என் தாயார் இல்லை. அன்பர்களுக்கு ஒரே விண்ணப்பம்: மலையிலிருந்து வந்தது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். குப்பியில் பிறந்த கன்றை வாங்கிப் பொறுமையாய் வளருங்கள். பொதிகையின் பூ பொதிகையிலேயே இருக்கட்டும்.