போறணையில் வெந்த மீன்

மட்டக்களப்பு நாட்டை 'மீன்பாடும் தேனாடு' என்று வழங்குவது மரபு. நிலவொளி பரந்த இரவுகளில் வாவியின் அடியிலிருந்து எழும் இன்னோசையைப் பற்றிப் புலவரும் பயணிகளும் ஆராய்ச்சியாளரும் எழுதியவை பல. எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலிலும் அவ்வோசைக்கு இடம் உண்டு. ஆனால், பாடுகின்ற மீனுக்குக் கிடைத்த பெருமை உண்ணுகின்ற மீனுக்குக் கிடைக்கவில்லை. கோட்டைகளின் வரலாறு கல்லில் நிற்கிறது. அரசர்களின் வரலாறு ஏட்டில் நிற்கிறது. அடுக்களையின் வரலாறோ அன்றன்றே உண்ணப்பட்டு மறைந்து போகிறது.

எனினும், அது முற்றும் மறைந்துவிடுவதில்லை. திருமண வீட்டிலும், பிறந்தநாள் விழாவிலும், நத்தார்க் கொண்டாட்டத்திலும் விருந்தினர் முன் வரும் தட்டு ஒன்றை நோக்குக. முக்கோண வடிவான மீன் பணிஸ். ஓரம் நெளித்த பற்றிஸ். பாண்தூள் பூசிப் போறணையிலே பொன்னிறமாகச் சுட்டெடுத்த மீன்துண்டு. நடுவே ஒரு சிறு கிண்ணத்தில், வெண்ணெய்போல் திரண்ட தொடுகறி. ஒரு கவளத்தில் அடங்கும் இச்சிறு பண்டங்களுக்குள் நானூறு ஆண்டுக் கதை ஒன்று அடங்கியிருக்கின்றது.

அக்கதையை நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமும் 141 சதுர கிலோமீற்றர் பரப்பும் உடையது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்பர்; ஞாயிறு எழும் பக்கம் என்பது பொருள். மேற்கே வயலும் காடும் மேய்ச்சல் நிலமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் அது. இரண்டுக்கும் நடுவே நீர் சூழ்ந்த புளியந்தீவில் நகரம் அமைந்திருக்கின்றது. எழுவான்கரையிலிருந்து மீனும், படுவான்கரையிலிருந்து தயிரும் வந்து, நடுவிலுள்ள நகரத்தின் போறணை அருகே சந்தித்தன எனலாம்.

மீனுக்கு அந்நாட்டிற் குறைவில்லை. வாவி கடலோடு கலக்கும் வாய்களுள் ஒன்று பாலமீன்மடு. பாலமீன் என்னும் மீனின் பெயரையே அவ்வூர் தாங்கி நிற்கின்றது. மற்றொன்று தெற்கே கல்லாற்றருகே உள்ளது. மாரிகாலத்தில் வெள்ளம் பெருகி மணற்றிட்டு உடைந்து முகத்துவாரம் திறக்கும்போது, உவர்நீரும் நன்னீரும் கலந்து, கடல்மீன் குஞ்சுகள் வாவிக்குள் புகுந்து வளர்கின்றன. கொடுவா, பாலமீன், திரளி, இறால், நண்டு என வாவி வழங்கும் செல்வம் பலவகைப்படும்.

இவற்றைத் தமிழர் உண்ட முறைகளும் பல. புளியிட்டுக் கறியாக்கினர்; தேங்காய்ப்பாலிற் சொதி வைத்தனர்; தணலில் வாட்டினர்; உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கினர். ஆயினும், நாற்புறமும் மூடிய வெப்ப அறையொன்றினுள் உணவை வைத்து, நெருப்பின் நாக்குப் படாமல், சூட்டினால் மட்டும் வேகவைக்கும் வழக்கம் இந்நாட்டு அடுக்களைக்கு உரியதன்று. அது கடல் கடந்து வந்தது.

கடல் கடந்து வந்தவர்களின் முதற் சந்திப்புக்களே விருந்தோடு தொடர்புடையவை என்பது நினைக்கத்தக்கது. ஒல்லாந்துக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கரையில் இறங்கி, அங்கிருந்து கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டார். அரசன் அவரை மகிழ்ந்து வரவேற்றான். அவ்வாண்டிறுதியில் வந்த செபால்ட் டி வேர்ட் என்னும் மற்றொரு தலைவரின் கதையோ வேறாக முடிந்தது. அவருடைய ஆட்கள் மாடுகளைக் கொன்று உண்டமை இந்நாட்டு மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. பின்னர், 1603ஆம் ஆண்டில், மட்டக்களப்புக்கு வந்திருந்த அரசனோடு மது மயக்கத்திற் பேசிய தகாத சொற்களால், அவரும் அவருடன் வந்தோர் பலரும் உயிரிழந்தனர். பிறர் நாட்டில் உண்ணும் முறை அறியாதவனுக்கு உறவும் வாய்க்காது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்தாண்டு கழித்து, 1638இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிகள் மாறின, ஆனால் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் மாறவில்லை. பாண், விசுக்கோத்து, வினாகிரி, கோப்பை, பீரிசு, தாச்சி, மேசை, குசினி ஆகியவை யாவும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. போறணை என்பதும் 'போர்னோ' என்னும் அவர்களது சொல்லின் திரிபே. எந்தச் சாசனமும் சொல்லாத செய்தியை இச்சொற்கள் சொல்லுகின்றன. ஒரு பொருளைக் கொண்டுவந்தவர் யாரோ, அவர் வைத்த பெயரே அப்பொருளோடு நின்றுவிடுகின்றது அன்றோ?

போறணையின் அமைப்பு எளியது, ஆனால் நுட்பமானது. செங்கல்லாலும் களிமண்ணாலும் குவிந்த கூரையோடு ஒரு சிறு குகைபோற் கட்டுவர். அதனுள்ளேயே விறகை எரிப்பர். கல் முழுதும் சூடேறியபின் தணலையும் சாம்பலையும் வழித்தெடுத்துவிட்டு, உணவை உள்ளே தள்ளி, வாயை மூடுவர். நெருப்பு அணைந்தபின்னரும் கல் தான் உண்ட வெப்பத்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும். முதற்சூட்டிற் பாண் வேகும். சூடு தணியத் தணிய, மென்மையான சிறு பண்டங்கள் வேகும். போறணை இல்லாத வீடுகளில், கனத்த சட்டியை மூடி, அடியிலும் மூடியின்மேலும் தணலிட்டு, அதே பயனைப் பெற்றனர். பாண்மா பொங்குவதற்கு ஈசுற்று கிடைக்காத இடங்களிற் கள் உதவியது. கோவா முதலிய போர்த்துக்கேயக் குடியேற்றங்களில் வழங்கிய இம்முறை, கள்விட்டு அப்பமாப் புளிக்கவைத்த இலங்கையருக்குப் புதுமையாகத் தோன்றியிராது.

இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தோருள் மட்டக்களப்புப் பறங்கியர் முதன்மையானவர். போர்த்துக்கேய வழித்தோன்றல்களாகிய இவர்கள் தச்சு, கொல்லு, தையல், சப்பாத்துத் தைத்தல் முதலிய கைத்தொழில்களிற் பேர்பெற்றவர்கள். வயலினும் மண்டலினும் ஒலிக்க, கப்பிரிஞ்ஞா ஆட்டம் இவர்தம் திருமண வீடுகளைக் களிகொள்ளச் செய்யும். இவர்கள் பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழியை இயன் சிமித் என்னும் மொழியியலறிஞர் 1970களில் மட்டக்களப்பிற் கேட்டு ஆராய்ந்தார். அம்மொழியிற் சொற்கள் போர்த்துக்கேயம். ஆனால் சொற்றொடரின் அமைப்போ தமிழ். தமிழிற்போலவே வினைச்சொல் இறுதியில் வந்து நிற்கும். வேற்றுமை உருபுகள் பெயரின் பின்னே ஒட்டும்.

மொழியில் நிகழ்ந்ததே உணவிலும் நிகழ்ந்தது. மாவைப் பிசைந்து மடித்துப் போறணையில் வைக்கும் முறை மேற்கினுடையது. உள்ளே வைத்த பூரணமோ வாவிமீனும் வெங்காயமும் பச்சை மிளகாயும் மிளகும் கறிவேப்பிலையும் ஆகியது. அம்மிளகாயும் போர்த்துக்கேயர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொணர்ந்ததே. வந்தது எது, இருந்தது எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றாயின.

ஒல்லாந்தர் தம் பங்காக 'பிரிக்கடல்' என்னும் கொத்திறைச்சி உருண்டையை வழங்கினர். பாண்தூள் பூசும் பழக்கம் அதனோடும் ஆங்கிலேயரின் கட்லட்டோடும் பரவியது. ஆங்கிலேயர் காலத்தில் தேநீர் விருந்து நாகரிகமாயிற்று. கையில் எடுத்து, நின்றபடியே உண்ணத்தக்க சிற்றுண்டிகளுக்கு மதிப்புப் பெருகியது. ஹில்டா டியூட்ரம் அம்மையார் தொகுத்து, 1929இல் 'சிலோன் டெய்லி நியூஸ்' நிறுவனத்தின் பெயரால் வெளிவந்த ஆங்கிலச் சமையல் நூல், பறங்கியர் அடுக்களைச் செய்முறைகள் பலவற்றை அச்சிலேற்றியது. அதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னர், 1924இல், கல்லடிப் பாலம் திறக்கப்பட்டு, புளியந்தீவு எழுவான்கரையோடு இணைந்தது. நாளடைவில் போறணை பறங்கியருக்கு மட்டும் உரியதாக நில்லாது, தமிழரும் முஸ்லிம்களும் நடத்தும் பேக்கரிகளாகச் சந்திதோறும் பெருகிற்று. மீன் பணிஸ் ஏழையின் காலை உணவும் ஆயிற்று. செல்வர் வீட்டு விருந்திலும் இடம்பெற்றது.

இன்று மின்சார அடுப்புள்ள எந்த வீட்டிலும் அவ்விருந்துப் பண்டத்தை ஆக்கலாம். அரைக் கிலோ கொடுவா மீனை முள் நீக்கி, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி, உப்பு, மிளகுதூள், தேசிக்காய்ப்புளி சேர்த்துக் கால்மணி நேரம் ஊறவிடுவர். நீரை ஒற்றியெடுத்து, அடித்த முட்டையில் தோய்த்து, பாண்தூளிற் புரட்டி, எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குவர். முன்னரே 200 பாகை செல்சியசு வரை சூடேற்றிய அடுப்பில் 12 முதல் 15 நிமிடம் வைத்தாற் போதும். முள்ளுக்கரண்டியால் அழுத்தும்போது சதை ஏடு ஏடாகப் பிரியுமாயின் மீன் வெந்துவிட்டது. அதற்கு மேல் வைத்தால் ஈரம் வற்றி நாராகும். மீன்துண்டுகளை நெருக்கி வைத்தாலோ, நீராவி எழுந்து, சுடவேண்டியது அவிந்துவிடும்.

தொடுகறிக்குப் படுவான்கரை உதவுகின்றது. மட்டக்களப்பின் எருமைத் தயிர் சட்டியைச் சாய்த்தாலும் சிந்தாத கெட்டியுடையது. பசுப்பாலினும் எருமைப்பாலிற் கொழுப்பு மிகுந்திருத்தலே அதற்குக் காரணம். அத்தயிரை மெல்லிய துணியிற் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் நீர் வடிந்து வெண்ணெய்போல் திரளும். அதனோடு நசுக்கிய உள்ளி, உப்பு, மிளகு, பொடியாக அரிந்த மல்லியிலை ஆகியவற்றைக் கலந்தால், மேல்நாட்டார் புளித்த பாலேட்டாலும் முட்டைக்கருவாலும் ஆக்கும் தொடுகறிக்கு அது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

மீனையும் தயிரையும் சேர்த்து உண்ணலாகாது என்று முதியோர் தடுப்பதுண்டு. மீனும் பாலும் ஒவ்வாதன எனச் சரக சங்கிதை கூறுவது அத்தகைய எண்ணத்தின் பழமையைக் காட்டும். இவ்வுணவுகள் ஒத்துக்கொள்ளும் உடலினருக்கு இச்சேர்க்கையால் தீங்கு விளையும் என்று தற்கால மருத்துவம் கண்டதில்லை. எனினும், விருந்தினரின் மனம் கோணாமை விருந்தோம்புவோர் கடன். அத்தகையோர்க்குத் தேங்காயின் தலைப்பாலைச் சிறுதீயில் திரளவிட்டு, ஆறியபின் தேசிக்காய்ப்புளியும் உப்பும் சேர்த்து வைத்தால், தயிரின் குறை தோன்றாது.

இவ்வாறு ஒரு தட்டில் ஒன்றுகூடிய மூன்றும் இன்று ஒவ்வொரு வகையில் இடருற்றிருக்கின்றன. பறங்கியர் பலர் 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தனர். எஞ்சியோருட் பலர் வாழ்ந்த டச்பார்ப் பகுதியை 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அழித்தது. மாண்டவர்களோடு, எழுதி வைக்கப்படாத பாடல்களும் செய்முறைகளும் எத்தனையோ மாண்டிருக்கும். அவர்தம் மொழியைப் பேசுவோர் இன்று சிலரே. படுவான்கரைப் பாற்பண்ணையாளரோ, மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளிலுள்ள மேய்ச்சற்றரையைக் காத்துத் தருமாறு கோரி 2023ஆம் ஆண்டில் தொடர் போராட்டத்தில் இறங்கினர். மேய்ச்சல் நிலம் சுருங்கினால் பட்டி சுருங்கும். பட்டி சுருங்கினால் தயிர்ச்சட்டி வெறுமையாகும். வாவியின் கண்டற்காடு அழிந்தால் மீன்குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை.

ஆதலால், ஒரு நாட்டின் உணவைக் காப்பது என்பது செய்முறையை ஏட்டில் எழுதி வைப்பதனோடு முடிவதன்று. அவ்வுணவைத் தரும் நீரையும் நிலத்தையும், அதனை ஆக்கத் தெரிந்த மக்களையும் காப்பதே அதனைக் காப்பதாகும். மட்டக்களப்பின் விருந்துத் தட்டில் எழுவான்கரையும் படுவான்கரையும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே பண்டத்தைத் தத்தமது என்று உரிமை பாராட்டுகின்றனர். அவ்வுரிமையில் எவர் கூற்றும் பொய்யன்று. முதன்முதலிற் போறணையில் மீனை வைத்த பெண்ணின் பெயரை எந்த ஏடும் கூறவில்லை. அவள் கற்றுக்கொடுத்தவற்றை மட்டும் பல வீடுகளின் கைகள் இன்றும் மறவாமற் செய்து வருகின்றன.