சீட் மாறியது, பூஞ்சை மாறவில்லை

மெட்ராஸில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி, குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் பெற்றது. 1903-ல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். அந்தக் காலத்துக் கார்களின் இருக்கை பெரும்பாலும் சாரட்டு வண்டியிலிருந்து வந்ததுதான்: மேலே தோல், உள்ளே குதிரைமயிர். அடைமழையில் செருப்பிலும் பெல்ட்டிலும் பூக்கும் பூஞ்சணத்துக்கு அந்தத் தோலும் இரைதான்.

தோலுக்கு மாற்றாக வந்தது ரெக்சின். மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் தயாரான இது, நைட்ரோசெல்லுலோஸ் பூசிய பருத்தித் துணி. பின்னால் வந்த பி.வி.சி. பூச்சுத் துணியையும் நம்மூரில் ரெக்சின் என்றே அழைத்தார்கள். துடைத்தால் போதும், பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் தையல் வழியே ஈரம் இறங்கினால், அடியில் இருக்கும் பருத்தியில் பூஞ்சை குடியேறும். வெயிலில் முதுகும் ஒட்டிக்கொள்ளும். 1957-ல் வந்த அம்பாசடரில் அதிகாரிகளின் இருக்கைக்கு வெள்ளைத் துண்டு போர்த்தியதில் அந்தஸ்தோடு ஒரு வசதியும் இருந்தது. துண்டைத் துவைத்து வெயிலில் போடலாம். சீட்டை அப்படிப் போட முடியாது.

பருத்தியைப் பூஞ்சை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதை அமெரிக்க ராணுவம் இரண்டாம் உலகப் போரில் கண்டது. சாலமன் தீவுகளில் கூடாரங்கள் மட்கி உதிர்ந்தன. அங்கே கிடைத்த பூஞ்சையை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரால் அதற்கு ‘டிரைக்கோடெர்மா ரீசி’ என்று பெயர் வந்தது. பருத்தியின் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் என்ற நொதியை அது சுரக்கிறது. பனியன் துணியைப் பளபளப்பாக்கத் திருப்பூரில் செய்யும் ‘பயோ வாஷ்’ வேலைக்கும் செல்லுலேஸ் நொதிதான் கைகொடுக்கிறது.

இன்றைய துணி சீட்டில் பருத்தி அரிது. 1941-ல் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய பாலியெஸ்டர் இழை மேலே. 1937-ல் ஓட்டோ பாயர் கண்டறிந்த பாலியூரித்தேன் வழிவந்த ஃபோம் உள்ளே. பாலியெஸ்டரைப் பூஞ்சை எளிதில் தின்னாது. ஆனால் இழைகளுக்கிடையே வியர்வை, பிஸ்கட் தூள், குழந்தை கொட்டிய பால் எல்லாம் இருக்கின்றன. ஃபோம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூடிய கண்ணாடி மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

2015 டிசம்பர் முதல் தேதி பெருமழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. சென்னையில் எத்தனையோ கார்கள் சீட் வரை மூழ்கின. அப்படிப்பட்ட சீட்டை மேலாகத் துடைத்துப் பயனில்லை. நட்டைக் கழற்றி சீட்டை வெளியே எடுத்து, உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை வெட்டி, உறையையும் ஃபோமையும் பிரிக்க வேண்டும். சாக்கடை நீர் ஊறிய ஃபோமை மாற்றிவிடுவதே நல்லது.

வெறும் ஈரத்தில் பூத்த பூஞ்சை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். முகக்கவசம் அணிந்து, கதவுகளைத் திறந்து, வெட்டவெளியில் பிரஷ்ஷால் தட்டி வேக்குவம் போடுங்கள். வினிகரைத் தெளித்துத் தேய்த்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிளீச்சிங் வேண்டாம், துணியின் சாயம் போய்விடும். கடைசியாக, நல்ல வெயிலில் ஃபோம் வரை காய விடுங்கள். இதில் அவசரப்பட்டால் ஒரே வாரத்தில் மறுபடியும் பிரஷ்ஷைத் தேட வேண்டியிருக்கும்.