முதலில் ஆறு, பிறகு மலை: விதிவழி நகரங்களில் காலவரிசை

கணினி வரைகலையில் நிலத்தையும் நகரத்தையும் கையால் வரையாமல் விதிகளால் விளைவிப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் அளவைப் பற்றியதாகவே இருக்கிறது. 1984இல் வந்த ‘எலைட்’ விளையாட்டு, மண்டலத்துக்கு 256 கோள்கள் வீதம் எட்டு விண்மீன் மண்டலங்களைச் சில விதை எண்களிலிருந்தே விரித்துக் காட்டியது. அந்த வியப்பு அப்போதே தீர்ந்திருக்க வேண்டும். விளைந்தது நம்பும்படி இருப்பதும் இல்லாததும், எது முதலில் வருகிறது என்பதைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட, இழைவான சீரற்ற ஏற்ற இறக்கங்களைத் தரும் ‘நாய்ஸ்’ சார்பைப் பல அலைவெண்களில் அடுக்கினால் மலைத்தொடர் போன்ற ஒன்று கிடைக்கும். ஆனால் அந்த உயர வரைபடத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் அதே தன்மையுள்ள நிலம்தான் வரும். சிகரத்துக்கும் பள்ளத்துக்கும் புள்ளியியல் வேறுபாடு இல்லை. மெய்யான நிலத்தை அப்படிப் புரட்ட முடியாது. நீர் மேட்டிலிருந்து இறங்கி, ஓடைகளாகக் கூடி, ஆறாகி நிலத்தைச் செதுக்கியிருக்கிறது. நாய்ஸ் நிலத்தில் பெய்யும் மழையோ மூடிய குழிகளில் தேங்கி நிற்கும். 1989இல் மஸ்கிரேவ், கோல்ப், மேஸ் மூவரும் ஃப்ராக்டல் நிலத்தின்மேல் மண்ணரிப்பைக் கணக்கிட்டனர். 2013இல் ஜெனெவோ குழுவினர் வரிசையையே மாற்றினர்: முதலில் ஆற்று வலை, அதற்கேற்ப எழும் நிலம். இத்துறையில் நிகழ்ந்த மிக முக்கியமான திருப்பம் இதுவே என்பேன்.

நகரத்தில் இதற்கு இணையான திருப்பம் முழுமையாக நிகழவில்லை. பாரிஷ், முல்லர் இருவரும் 2001இல் முன்வைத்த முறை, உயரம், நீர்நிலை, மக்கள் அடர்த்தி ஆகிய வரைபடங்களிலிருந்து தெருக்களை வளர்த்து, மனைகளாகப் பிரித்து, கட்டடங்களை எழுப்புகிறது. ‘சிட்டிஎஞ்சின்’ மென்பொருள் இதன் வழிவந்ததே. இங்கே வரிசை உண்டு. ஆனால் அது கணக்கீட்டின் வரிசை, வரலாற்றின் வரிசை அல்ல.

அம்முறை கைக்கொள்ளும் தெரு வடிவங்களுள் ஒன்று மன்ஹாட்டன் கட்டம். மன்ஹாட்டனே விதியால் விளைந்த நகரம்தான். 1811ஆம் ஆண்டுத் திட்டம் 12 அவென்யூக்களையும் 155 குறுக்குத் தெருக்களையும் வகுத்தது. 1916ஆம் ஆண்டு மண்டலச் சட்டம், உயர உயரக் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும் என்றது; மனையின் கால்பங்குப் பரப்பில் மட்டும் கோபுரம் எவ்வளவு வேண்டுமானாலும் எழலாம். ஹியூ ஃபெர்ரிஸ் 1922இல் இந்த விதியைக் கரிக்கோட்டில் கட்டங்கட்டமாக வரைந்து காட்டினார். கணினி இல்லாத விதிவழி வடிவமைப்பாளர் என்று அவரைச் சொல்லலாம்.

ஆனால் பூர்வகுடிகளின் பாதையிலிருந்து வந்த பிராட்வே கட்டத்துக்கு மூத்தது. திட்டம் வடக்கே அதற்கு இடம் ஒதுக்கவில்லை, அது பிழைத்துக்கொண்டது. 23ஆம் தெருவில் அது ஐந்தாம் அவென்யூவை வெட்டும் முக்கோணத்தில் 1902இல் ஃபிளாட்டயர்ன் கட்டடம் எழுந்தது. கட்டத்தின்மேல் எத்தனை நாய்ஸைத் தூவினாலும் பிராட்வே கிடைக்காது.

இன்னும் கூர்ந்து பார்க்க ஒரு சிறு துண்டு இருக்கிறது. 1910களில் ஏழாம் அவென்யூவைத் தெற்கே நீட்டியபோது ஹெஸ் குடும்பத்தின் கட்டடத்தை மாநகரம் எடுத்துக்கொண்டது. அளவையில் விடுபட்டது, பக்கத்துக்கு இரண்டடி சொச்சம் உள்ள ஒரு முக்கோணம். வாரிசுகள் அதை விட்டுக்கொடுக்காமல், இந்த இடம் பொதுப் பயனுக்கு ஒருபோதும் வழங்கப்படவில்லை என்று 1922இல் நடைபாதையிலேயே ஓடு பதித்தனர். பாரிஷ்–முல்லர் முறையோ மிகச் சிறிய மனைகளையும் தெருவைத் தொடாத மனைகளையும் நீக்கிவிடுகிறது. கணக்கில் கழிவாக நீங்கும் துண்டு, நகரத்தில் ஒருவருடைய சொத்து.

திரைப்படத்தில் மூன்று விநாடி தோன்றும் நகருக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். தேவையில்லைதான். ஆனால் இதே கருவிகள் தொல்லியல் மீட்டுருவாக்கத்துக்கும் நகரத் திட்டமிடலுக்கும் போகின்றன. பொம்பெயியை விதிகளால் எழுப்பிக் காட்டியது 2006ஆம் ஆண்டு ஆய்வு. 2009இல் வெபர் குழுவினர் நகரின் வளர்ச்சியைக் காலத்தோடு சேர்த்தே கணித்தனர். ஆனால் வளர்ச்சியைக் கணிப்பது ஒன்று. கட்டிமுடித்த இடத்தை அறுத்துச் செல்லும் தெரு விட்டுவைக்கும் மிச்சத்துக்குக் கணக்கு வைப்பது வேறு. அதற்குப் புதிய சமன்பாடு வேண்டியதில்லை. ஒவ்வொரு மனையும் தன் தாய்மனை எது, எந்த ஆண்டில் பிரிந்தது, எந்தத் தெரு வெட்டியது என்ற பதிவைத் தாங்கியிருக்க வேண்டும். சிறு துண்டை நீக்கும் படியில், நீக்குவதற்குப் பதிலாக, அதன் உரிமையாளர் யார் என்று நிரல் கேட்க வேண்டும்.