'சபாபதி'யில் பேதைமையும் மடனும்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பர். இவற்றுள் இறுதி இரண்டும் ஒன்றே போலத் தோன்றினும் வேறு என்பது உரையாசிரியர் கருத்து. அறிவின்மை பேதைமை, பிறர் கூறியதைக் கொண்டு, கொண்டதனை விடாது பற்றி நிற்பது மடன். இவ்வேறுபாட்டினைக் கண்ணெதிரே காட்டும் திரைப்படம் ஒன்று தமிழில் உண்டு. அது 1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14ஆம் நாள் வெளிவந்த 'சபாபதி'.

இதன் மூலம் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) பாகம் பாகமாக எழுதிய நகை நாடகம். 1891இல் சுகுண விலாச சபையை நிறுவி, கற்றோரை மேடையேற்றிய பெருமை அவருடையது. ஆயினும் இந்நாடகத்தில் கட்டுக்கோப்பான கதை இல்லை. நிகழ்ச்சிகளின் கோவையே உண்டு. 'அல்லி அர்ஜுனா', 'நந்தகுமார்', 'பூகைலாஸ்' எனப் பழங்கதைகளையே அதுகாறும் படமாக்கி வந்த ஏ. வி. மெய்யப்பன், இதனைத் தேர்ந்து ஏ. டி. கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து இயக்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளை சபாபதி முதலியாராக டி. ஆர். இராமச்சந்திரன் நடித்தார், அதே பெயருடைய ஏவலனாகக் காளி என். ரத்தினம் நடித்தார். தேர்வில் தேறாத முதலியாருக்குக் கற்ற மனைவி வாய்க்கிறாள். ஏவலனுக்கும் குண்டுமுத்து என்பாள் வாய்க்கிறாள். கதை இவ்வளவே.

இப்படம் கதையால் நிற்கவில்லை, நடிகரால் நிற்கிறது என்பர். அது உண்மையே, அதனைக் குறையாகக் கூறுவதுதான் பொருந்தாது. எந்த நடிகரால் என்பதே ஆராயத்தக்கது. இராமச்சந்திரனின் அகன்ற விழிகளையே பலரும் நினைவு கூர்வர். எனினும் படத்தின் பாரம் முழுதும் ரத்தினத்தின் தோளில் இருப்பதாகவே யாம் கருதுகிறோம். முதலியாரிடம் காண்பது பேதைமை. அதனை எழுத்தே காட்டிவிடும்; பிழையான விடை ஒன்றைச் சொல்லச் செய்தால் போதும். ஏவலனிடம் காண்பதோ மடன். ஆணையின் கருத்தை விட்டுச் சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு, தான் செவ்வனே பணி செய்ததாக அவன் நம்புகிறான். அந்நம்பிக்கை முகத்தில் இம்மியும் குலையலாகாது. இது நகைப்புக்குரியது என்று தானும் அறிந்தவன் போல ஒருமுறை புன்முறுவல் செய்தாலும் காட்சி அழிந்துபோம். ரத்தினத்தின் முகம் குலைவதில்லை.

இத்திறம் நாடக மேடை தந்தது. 'கோவலன்' நாடகத்தில் காளியாக வேடம் புனைந்தமையால் அப்பெயரே அவருக்கு அடையாயிற்று. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவரிடம் பயின்றோருள் எம். ஜி. இராமச்சந்திரனும் ஒருவர். அச்சந்தரும் காளியாக நின்றவரே இங்கு அப்பாவி ஏவலனாகவும் நிற்கிறார் என்பது எண்ணத்தக்கது. அந்நாளில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் கதைக்குப் புறம்பான இணைப்பாகவே இருந்தது. என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் இருவரின் காட்சிகள் பலவற்றை நீக்கினும் கதை குன்றாது. 'சபாபதி'யில் ஏவலனை நீக்கின் எஞ்சுவது மனைவியிடம் பாடங் கேட்கும் கணவன் ஒருவனே. அப்பகுதிகளில் படம் தளர்வதைக் காண்போர் இன்றும் உணரலாம்.

படம் வெளிவந்த காலத்தையும் நோக்குதல் வேண்டும். பேர்ல் துறைமுகம் தாக்குண்டு ஒரு வாரமே ஆகியிருந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் திரள் திரளாக ஊரை விட்டகன்றனர். நகருக்கு மேற்கே ஆவடி, அப்போரில் பெரும் படைத்தளமாயிற்று. அத்தகைய படைமுகாமையே களனாகக் கொண்டு, ஆபட், காஸ்டெல்லோ என்னும் இரு நகைச்சுவை நடிகரை நம்பி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'பக் பிரைவேட்ஸ்' படமும் 1941இல் வந்ததே. 'சபாபதி'யோ வீட்டுக் கூடத்தை விட்டு அகலவில்லை. போரை எடுத்துரைத்த 'பர்மா ராணி', 'மானசம்ரட்சணம்' முதலிய தமிழ்ப் படங்கள் 1945இல்தான் வந்தன. படச்சுருள் தட்டுப்பாட்டால் கதைப்படத்தின் நீளம் 11,000 அடிக்கு மிகலாகாது என்னும் ஆணையும் 1942இல் பிறந்ததே. அதற்கு முந்தியதாகலின், ஏவலன் தன் தவறு முழுவதையும் ஆர அமரச் செய்து முடிக்க இப்படத்தில் இடமிருந்தது. விரைவு மடனுக்குப் பகை.

மெய்யப்பன் அடுத்து எடுத்ததும் நகைச்சுவைப் படமே. 1942இல் வந்த 'என் மனைவி', தேவல் என்பார் மராத்தியில் எழுதிய 'சம்சய கல்லோள்' நாடகத்தைத் தழுவியது. 'சபாபதி'யில் தமிழாசிரியராகச் சிறு வேடம் ஏற்ற கே. சாரங்கபாணியே அதன் தலைவர். அங்கு நகைக்குக் களன் மடன் அன்று. கணவன் மனைவியரிடையே எழும் ஐயம். தொல்காப்பியர் கூறிய நான்கனுள் அதனை எதன்பால் அடக்குவது என்பது தனியே ஆராயற்பாலது.